பெயருக்கு நேரே ஓர் எழுத்து

தரமணியில் ஆறாவது மாடி. இரவு ஒன்பதரை.
கண்ணாடிக்கு வெளியே பறக்கும் ரயில் காலியாகப் போகிறது.
என் திரையில்
நான் பார்த்தேயிராத ஓர் ஊரின் வாக்காளர்கள்:
பெயர், தெரு, பிறந்த வருடம்,
கடைசியாக எந்தத் தேர்தலுக்கு வந்தார் என்பது.
அப்புறம் ஒரு சின்னக் கட்டம்.
அதில் ஓர் எழுத்து.
இந்தக் கட்சி, அல்லது அந்தக் கட்சி.
சிலருக்கு ஒன்றுமில்லை.

முதல் வாரம் நம்பவே முடியவில்லை.
தன் கட்சி எதுவென்று
தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு
அரசாங்கத்திடம் கொடுத்து வைப்பார்களாம்,
அரிசி கார்டா சர்க்கரை கார்டா என்பதுபோல.

எங்கள் கன்னிகாபுரத்தில்
யாரும் எழுதித் தரமாட்டார்கள். தேவையுமில்லை.
பூத் ஏஜென்ட் ஏகாம்பரத்தின் பட்டியலில்
எல்லாருக்கும் பென்சிலில் ஒரு குறி உண்டு.
டிக் என்றால் நம்மாளு.
பெருக்கல் என்றால் அவங்காளு.
சுழி என்றால்
ராத்திரி ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வரணும்.
சீட்டு கொடுக்க வந்தபோது எட்டிப் பார்த்தேன்.
ஏ.டி.எம்மில் எண்ணை மறைப்பவர்போல
கட்டைவிரலை வைத்துவிட்டார்.
ஆனாலும் தெரிந்தது,
நான் சுழி.

என் வேலை கோடு போடுவது.
மின்னஞ்சல் வரும்: வரைவு பதினான்கு,
ஆற்றுக்குக் கிழக்கே மூவாயிரத்து இருநூறு பேரைப்
பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளவும்.
யாருக்காக என்று சொல்லமாட்டார்கள், ஒப்பந்தம் அப்படி.
நிறம் சொல்லிவிடும்.
போன வருடம் நீலம் கேட்டது.
இந்த வருடம் சிவப்பு.
எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே ரேட்.

சுட்டியை இழுக்கிறேன்.
கோடு ஒரு தேவாலயத்தைச் சுற்றி வளைத்து
நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஆறு மைல் நடந்து
ஏரிக்குள் இறங்கிக் கரையேறி
ஒரு தெருவின் இடப்பக்கத்தை மட்டும் வாரிக்கொள்கிறது.
விடிந்ததும் வலப்பக்கத்துக்காரர்
நாயோடு வெளியே வந்து எதிர்வீட்டுக்குக் கையசைப்பார்,
அது வேறு தொகுதி என்று தெரியாமல்.

யானை ஒரு கட்சி, கழுதை ஒரு கட்சி
என்று வினோதினி பயிற்சியில் சொன்னபோது
கடைசி வரிசையிலிருந்து இம்மானுவேல்,
"கழுதைச் சின்னத்துல இங்க நின்னா
எதிர்க்கட்சிக்காரன் மேடைக்கே வந்து
பேப்பர் நீட்டுவான்" என்றான்.
சிரித்து ஓய்ந்தபின் நான் கேட்டேன்:
மூன்றாவது மிருகம் கிடையாதா?
உண்டு, பல உண்டு என்றாள்.
நம்ம மென்பொருளில் அதற்கெல்லாம் சேர்த்து
ஒரே சாம்பல் நிறம்.

நேற்று மூன்று மணிக்கு, தூக்கம் கண்ணைத் தள்ளும்போது,
கோடு ஒரு வீட்டுக் கூரைமேல் நின்றது.
பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு.
ஒரு தேர்தலையும் விட்டதில்லை.
கட்டத்தில் எழுத்தில்லை.
இவ்வளவு வருடம் வரிசையில் நின்று
யாரிடமும் சொல்லாத அந்த அம்மாளை
அவர் பழகிய பக்கமே இருக்கட்டும் என்று
கோட்டை ஒரு மயிரிழை நகர்த்தினேன்.

திரை கத்தியது:
மக்கள்தொகை சமமில்லை. ஒருவர் அதிகம்.

ஒருவர்.
நான் அழித்துவிட்டு
பழைய இடத்திலேயே போட்டேன்.

கேப் இறக்கிவிட்டபோது ஐந்தேகால்.
தண்ணி லாரி நின்றது, இடப்பக்கத்துக்கு மட்டும்.
வார்டைப் பிரித்ததிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வேறு கவுன்சிலர்,
வேறு கொடி, வேறு லாரி; அது வியாழக்கிழமை வந்தால் வரும்.
பன்னிரண்டடி ரோடு.
எதிர்வீட்டுப் பவுனம்மா
யாரும் பார்க்காதபோது ஒரு குடத்தை
நடுரோட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.
எடுத்துக்கொண்டேன்.

எங்கேயோ ஆறாவது மாடியில்
இதையும் யாரோ இழுத்திருப்பார்கள்.
டீ குடிக்கப் போகிற அவசரமோ என்னவோ.

ஏகாம்பரம் லாரியோரம் நின்றிருந்தார், காதில் பென்சில்.
குடத்தைப் பார்த்தார். பார்க்காததுபோல் இருந்தார்.
"ராத்திரியெல்லாம் அப்படி என்னம்மா வேலை?"
கோடு போடுற வேலை, என்றேன்.
"அழிக்க ரப்பர் குடுப்பாங்களா?"
கொடுப்பாங்க, என்றேன்.
அதுக்கப்புறம்தான்
அவர் பென்சிலின் பின்பக்கத்தைக் கவனித்தேன்,
கடித்துக் கடித்து
வெறும் தகரம்.